காஷ்டமண்டபத்தை யார் கட்டுவது? காத்மாண்டு பழைய நகரில் மக்கள் பங்கேற்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காத்மாண்டுவின் பழைய நகரில், அனுமன் டோக்கா அரண்மனைச் சதுக்கத்தின் தென்மேற்கு ஓரத்தில் மாரு என்ற பேட்டை இருக்கிறது. குறுகிய சந்துகள், தரைத்தளத்தில் கடையும் மேலே குடித்தனமுமாக நெருக்கியடித்து நிற்கும் வீடுகள், அதிகாலையிலேயே கூட்டம் கூடும் மாரு கணேசர் சன்னிதி. இவற்றுக்கு நடுவே நின்ற மூன்றடுக்கு மரக்கட்டடம்தான் காஷ்டமண்டபம். காத்மாண்டு என்ற ஊர்ப்பெயரே இதிலிருந்து வந்தது. ஒரே மரத்தில் செய்தது என்று ஊரார் சொல்வார்கள். கற்பக விருட்சமே ஒரு தாந்திரிக பௌத்த ஆசாரியருக்கு அந்த மரத்தைக் கொடுத்ததாகக் கதை. உப்பும் எண்ணெயும் ஒரே விலைக்கு விற்கும் நாளில்தான் அதன் உச்சியில் கலசம் வைக்க வேண்டும் என்று இன்னொரு கதை.

இது கோயிலா என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது. வழிப்போக்கரும் வணிகரும் தங்கிய சத்திரம் இது. நடுவில் கோரக்நாதர், நான்கு மூலையிலும் விநாயகர். தமிழ்ச் சித்தர் வரிசையில் கோரக்கர் என்று நாம் அறியும் அதே நாத யோகிதான் இவர் என்பது மரபு. நாத மரபைச் சேர்ந்த கபாலி குடும்பங்கள் 1966 வரை இதற்குள்ளேயே குடியிருந்தன. சைவர், வஜ்ரயான பௌத்தர், நாதர் என மூன்று மரபினருக்கும் இங்கே உரிமை உண்டு. ஒருவர் உரிமை இன்னொருவர் உரிமையை மறுத்ததாகத் தெரியவில்லை. சுற்றிலும் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளான நேவார் சமூகத்தின் பல சாதியினர் வாழ்கிறார்கள். மலை மாவட்டங்களிலிருந்தும் தெராய் சமவெளியிலிருந்தும் வந்து வாடகைக்கு இருப்பவர்கள் வேறு. பல இனம், பல சமயம் கலந்த நேபாள நகரம் என்று பொதுவாகச் சொல்வதை இந்த ஒரு முச்சந்தியில் நின்றே பார்த்துவிடலாம்.

இத்தகைய பொதுக் கட்டடங்களை முன்பு பராமரித்தவை ‘குட்ஹி’ என்னும் அறக்கட்டளைகள். மானியமாக விடப்பட்ட நிலத்தின் வருமானத்தில் பூசை, விழா, கூரைப் பழுது எல்லாம் நடந்தன. எந்தக் குடும்பத்துக்கு எந்த வேலை என்பது தலைமுறைகளாக வகுக்கப்பட்டிருந்தது. 1964 வாக்கில் நிலச் சீர்திருத்தமும், குட்ஹிகளை அரசுக் கழகத்தின் கீழ்க் கொண்டுவந்த சட்டமும் வந்தபின் அந்த வருமானம் மெலிந்தது. பூசைகள் தொடர்ந்தன; கூரை ஏறுவதற்கு ஆள் குறைந்தது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சரிவு

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. சனிக்கிழமை நேபாளத்தில் வார விடுமுறை நாள். காஷ்டமண்டபத்தில் இரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. காலை 11.56 மணிக்கு 7.8 அளவில் பூமி அதிர்ந்தது. கட்டடம் முழுவதுமாகச் சரிந்தது. உள்ளே இருந்தவர்களில் பலர் இறந்தனர். அந்த நிலநடுக்கம் நாடு முழுவதும் கிட்டத்தட்ட 9,000 உயிர்களைக் குடித்தது.

மீட்புக்கு இறக்கிய கனரக இயந்திரங்கள் இடிபாட்டை வேகமாக அள்ளின. அடியில் உயிர் சிக்கியிருக்கலாம் என்ற நிலையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மீட்பு முடிந்த பிறகும் அதே வேகம் நீடித்தது. எந்த உத்தரம் எந்த மூலையைச் சேர்ந்தது, எந்தச் செதுக்குப் பலகை எந்தத் தளத்தில் இருந்தது என்பதெல்லாம் மரங்கள் குவிந்து விழுந்த அமைப்பிலேயே பதிந்திருந்தன. அவற்றைக் குறித்துக்கொள்ளாமல் குவியலைக் கலைத்ததால், பின்னால் வந்தவர்கள் பழைய படங்களையும் பெரியவர்களின் நினைவையும் துணைக்கொள்ள வேண்டியதாயிற்று.

மண்ணுக்கடியில் கண்டது

2015 இறுதியிலும் 2016–17 குளிர்காலத்திலும் நேபாளத் தொல்லியல் துறையும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுவும் யுனெஸ்கோ துணையுடன் அங்கே அகழாய்வு செய்தன. இந்த நிகழ்வின் போக்கை மாற்றியது அந்த அகழாய்வுதான் என்பது என் கருத்து.

கட்டடம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பள்ளிப் பிள்ளைகள்கூடப் படித்து வந்தார்கள். 12ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்றில் பெயர் வருவதால் அதற்கும் முந்தியது என்று அறிஞர்கள் சொன்னார்கள். அடித்தளத்தின் காலமோ 7ஆம் நூற்றாண்டுக்குப் போனது. செங்கல்லும் களிமண்ணுமாக ஆழமாக இறங்கும் சுவர்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச் சுவர்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்பது அறைகள் கொண்ட மண்டல வடிவம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்த அந்த அடித்தளம் 2015 அதிர்ச்சியிலும் அசையவில்லை.

அப்படியானால் மேலே நின்றது ஏன் விழுந்தது? கட்டடத்தின் சுமையைத் தாங்கியவை நடுவில் இருந்த நான்கு பெரிய மரத்தூண்கள். ஒவ்வொரு தூணும் ஒரு கல் பீடத்தின்மேல் நிற்க வேண்டும். தூணின் அடியில் செதுக்கிய முளை பீடத்தின் குழியில் இறங்கி உட்கார வேண்டும். தச்சர்களுக்கு இது அரிச்சுவடி. பூமி ஆடும்போது தூண் இடம்பெயராமல், அதே சமயம் விறைத்தும் நிற்காமல், ஆடி அடங்க உதவுவது இந்தப் பிடிப்புதான். நான்கில் ஒன்றுக்குப் பீடமே இல்லை என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். தோண்டியபோது பீடம் இருந்தது. 1960களின் புதுப்பிப்பில் போட்ட தரைக்கு அடியில் அது மூடிக்கிடந்தது. தூண் அதில் பொருந்தாமலே நின்றிருக்கிறது. 1934இன் பெரும் பூகம்பத்தைத் தாங்கிய கட்டடம் 2015இல் விழுந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. மரம் இற்றுப்போவதும் உண்டு. ஆனாலும் பழைய முறையே பலவீனமானது, இரும்பும் சிமெண்டும் இல்லாமல் நிற்காது என்ற வாதம் அந்தக் குழியில் ஆட்டம் கண்டது. முறையில் குற்றமில்லை, பராமரிப்பில்தான் குற்றம் என்று சொல்ல மக்களின் கையில் ஒரு சான்று கிடைத்துவிட்டது.

டெண்டரும் எதிர்ப்பும்

தேசிய மறுநிர்மாண ஆணையம் 2015 டிசம்பரில்தான் அமைந்தது. அதன்பின் பாரம்பரியக் கட்டடங்கள் பலவற்றுக்கு வழக்கமான அரசு நடைமுறையே வந்தது. மதிப்பீடு, டெண்டர், குறைந்த விலைப்புள்ளி கொடுத்த ஒப்பந்ததாரர். சாலைக்கும் பாலத்துக்கும் இது ஓரளவு ஒத்துவரும். குறிப்பிட்ட கோணத்தில் செதுக்கிய முளைக்கும், மாதக்கணக்கில் உலர வேண்டிய உத்தரத்துக்கும் ஒத்துவராது. ஒப்பந்ததாரருக்கு நாளும் பணமும் எண்ணப்படுகின்றன. சிமெண்ட் ஒரே நாளில் இறுகிவிடுகிறது.

அச்சம் வெறும் கற்பனை இல்லை என்பதற்கு அருகிலேயே சான்று இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் மன்னர் பிரதாப மல்லர் தம் மகனை இழந்த நினைவில் வெட்டிய இராணிபோக்ரி குளத்தின் மறுகட்டுமானத்தில் கான்கிரீட் சுவர் எழும்பியதைப் பார்த்து மக்கள் வீதிக்கு வந்தார்கள். வேலை நின்றது, பொறுப்பு கைமாறியது, பழைய முறைக்குத் திரும்பி 2020இல் குளம் திறக்கப்பட்டது. காஷ்டமண்டபத்துக்கும் டெண்டர் என்ற பேச்சு வந்ததும், அந்தப் பகுதி மக்களும் நகரின் மற்ற பகுதிகளில் இருந்த ஆர்வலர்களும் சேர்ந்து ஓர் இயக்கமாகத் திரண்டார்கள். பொறியாளர், கட்டடக் கலைஞர், தொல்லியல் அறிந்தவர், கடைக்காரர், வீட்டுக்காரர் எல்லோரும் இருந்தார்கள். டெண்டரை நிறுத்து என்று மட்டும் அவர்கள் கேட்டிருந்தால் இது மற்றுமொரு ஆர்ப்பாட்டமாக முடிந்திருக்கும். கட்டும் பொறுப்பையே தங்களிடம் தரும்படி கேட்டார்கள்.

அங்கே சட்டச் சிக்கல் எழுந்தது. நேபாளத்தின் 2007 பொதுக் கொள்முதல் சட்டம், ஒரு வேலையால் பயன்பெறுகிறவர்களே குழு அமைத்து அதைச் செய்ய இடம் தருகிறது. கிராமத்துக் குடிநீர்க் குழாய், வாய்க்கால், சிறு சாலை என்று நாடெங்கும் இப்படித்தான் நடக்கின்றன. ஆனால் அதற்கு ஒரு தொகை வரம்பு உண்டு. காஷ்டமண்டபத்தின் செலவு அதைப் பல மடங்கு தாண்டியது. இருக்கும் சட்டக் கட்டங்களில் இந்த வேலை எதிலும் உட்காரவில்லை. ஆகவே தனி ஒப்பந்தம் தேவைப்பட்டது.

நால்வர் ஒப்பந்தம்

2017 மே மாதத்தில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. காத்மாண்டு மாநகராட்சி, தொல்லியல் துறை, மறுநிர்மாண ஆணையம், மக்கள் இயக்கம் என்று நான்கு தரப்பு. கட்டும் பொறுப்பு இயக்கத்துக்கு. தொழில்நுட்ப மேற்பார்வையும் அனுமதியும் அரசுத் தரப்புக்கு. அரசு அமைப்புகளுக்கு நிகராக ஒரு குடிமக்கள் குழு கையெழுத்திட்டது காத்மாண்டுவில் புதுமை. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் அது எந்த நேரத்தில் நடந்தது என்று பாருங்கள். இருபது ஆண்டுகளாக நேபாளத்தில் முழுமையான உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. மாநகராட்சியை அப்போது நடத்தியவர்கள் நியமன அதிகாரிகள். 2017 மே 14 அன்று தேர்தல். ஒப்பந்தமோ அதற்குச் சில நாட்களுக்கு முன். இயக்கத்தின் கணக்கு எளிது: இணங்குகிற அதிகாரி நாற்காலியில் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அன்றைய நிலையில் அது புத்திசாலித்தனமான முடிவாகவே தெரிந்திருக்கும். தேர்தல் முடியும்வரை காத்திருந்தால் டெண்டர் போய்விடும் என்ற பயமும் நியாயமானதே. ஆயினும் அந்தத் தாள் நகரமன்றத்தின் தீர்மானமாக ஆகவில்லை. வாக்கு வாங்கி வந்தவர்களுக்கு அது முந்தையவர் செய்துவைத்த ஏற்பாடு.

தேர்தலுக்குப் பின்

புதிய நிர்வாகம் அந்த ஏற்பாட்டை வரவேற்கவில்லை. யார் தலைமை, யார் கணக்கு, யார் பெயரில் பணி என்று இழுபறி ஓராண்டை விழுங்கியது. 2018இல் இயக்கம் ஓரங்கட்டப்பட்டது. மக்கள் பிரதிநிதி ஒருவரின் தலைமையில், உள்ளூர்க்காரர்களைக் கொண்ட வேறொரு மறுநிர்மாணக் குழு பொறுப்பேற்றது.

இதை ‘மக்கள் தோற்றார்கள், அரசியல்வாதிகள் வென்றார்கள்’ என்று எழுதிவிடுவது சுலபம். நான் அப்படி எழுதத் தயங்குகிறேன். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எழுப்பிய கேள்வியில் நியாயம் இருந்தது: இந்த இயக்கத்துக்கு மாருவின் பெயரில் பேச யார் அதிகாரம் கொடுத்தது? நாங்கள் வாக்கு வாங்கியிருக்கிறோம், நீங்கள்? இயக்கத்தின் பதிலிலும் நியாயம் இருந்தது: இருபது ஆண்டு வாக்கே இல்லாத நகரில், விழுந்த கட்டடத்தின்மேல் முதலில் அக்கறை காட்டியவர்கள் நாங்கள், படிப்பும் வரைபடமும் எங்களிடம் இருக்கின்றன.

இரண்டு தரப்பும் ‘உள்ளூர்ச் சமூகம்’ என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தின. அதில் யார் யார் என்று முன்கூட்டியே வரையறுத்திருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும். வார்டில் வசிப்பவர்கள்தான் உள்ளூர் என்றால், 1966இல் வெளியேறிய கபாலி குடும்பங்களுக்கு இடம் கிடையாது. கோரக்நாதரோடு தலைமுறைகளாக வாழ்ந்தவர்களோ அவர்கள்தாம். வாக்காளர் பட்டியல்தான் அளவு என்றால், சந்தில் வாடகைக்கு இருந்துகொண்டு சொந்த ஊரில் வாக்கு வைத்திருப்பவர் விடுபடுவார். சடங்கு உரிமைதான் அளவு என்றால் பௌத்தப் பூசகரான வஜ்ராசாரியரும் பூசாரியும் வருவார்கள். இரத்தம் கொடுக்கப் போய் உறவைப் பறிகொடுத்தவர் வரமாட்டார். நேவார் சமூகத்துக்குள்ளேயே மேல்கீழ் வரிசை உண்டு. குட்ஹியில் பங்கு ஆண் வழியில் போவதும் வழக்கம். பல பண்பாட்டு நகரத்தில் பங்கேற்பு என்று பேசும்போது, வெவ்வேறு இனங்கள் ஒன்றாக உட்காருவதுதான் கடினம் என்று எண்ணுகிறோம். அதைவிடக் கடினமானது ஒரே பேட்டைக்குள் யாருடைய பெயர் பட்டியலில் வரும் என்பது.

இந்த உணர்வு ஒரு கட்டடத்தோடு நிற்கவில்லை. 2019 ஜூனில், குட்ஹிகளை மறுபடி மாற்றியமைக்க அரசு கொண்டுவந்த மசோதாவை எதிர்த்துக் காத்மாண்டு வீதிகளில் பெருங்கூட்டம் திரண்டது. மசோதா திரும்பப் பெறப்பட்டது. இராணிபோக்ரி, காஷ்டமண்டபம் ஆகியவற்றில் தொடங்கிய பேச்சின் தொடர்ச்சியாகவே அதை நான் பார்க்கிறேன்.

கட்டடம் எழுந்தது

இயக்கம் வெளியேறினாலும் அது கேட்டவற்றில் பெரும்பகுதி நிறைவேறியது என்பதுதான் இந்த நிகழ்வின் விசித்திரம். மரம், செங்கல், களிமண் சாந்து, ஓட்டின் அடியில் மண் படுகை என்று பழைய பொருள்களிலேயே வேலை நடந்தது. அகழாய்வில் கண்ட பழைய அடித்தளத்தின்மேல்தான் கட்டடம் எழுந்தது. சிகர்மி எனப்படும் தச்சர்களும் டகர்மி எனப்படும் கொத்தர்களும் பாரம்பரிய முறையில் வேலை செய்தார்கள். பெருந்தூண்களுக்கு ஏற்ற மரம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. 2022இல் கட்டடம் முழுமை பெற்றது. கோரக்நாதர் தம் இடத்துக்குத் திரும்பினார். இறுதிப் பொறுப்பு யார் கையில் இருந்தாலும், 2017இல் மக்கள் எழுப்பிய கேள்விகள் இல்லாமல் இது இப்படி முடிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இரும்பைப் பற்றி அதன்பின் யாரும் உரக்கப் பேசத் துணியவில்லை.

பக்கத்து ஊரான பக்தபூர் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. அங்கே நகராட்சியே பயனாளர் குழுக்களை அமைத்து, கோயில்களையும் சத்திரங்களையும் ஒவ்வொன்றாகக் கட்டியது. ஜெர்மன் அரசு வளர்ச்சி வங்கி தருவதாக இருந்த சுமார் 1 கோடி யூரோ உதவியை, கூடவே வந்த நிபந்தனைகள் ஒத்துவராததால் 2018இல் வேண்டாமென்று விட்டது. அங்கே நகராட்சியும் பயனாளர் குழுவும் ஒரே திசையில் இழுத்தன. ஒரே கட்சி நெடுங்காலமாக வேரூன்றிய, பெரும்பாலும் நேவார் உழவர் வாழும் ஊரில் அது சாத்தியமாயிற்று. காத்மாண்டுவின் கலவையான பேட்டைக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டுவர முடியுமா என்பது ஐயமே. பக்தபூரில் ‘உள்ளூர்’ யார் என்ற கேள்வி அவ்வளவு கூர்மையாக எழவில்லை.

அடுத்த முறை என்ன மாற வேண்டும்

முதலாவது, மீட்பு முடிந்த மறுநாளே இடிபாட்டின் பொறுப்பை எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் எண், கிடந்த இடம், ஒரு படம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பேட்டை இளைஞர் மன்றமே செய்துவிடும். நிலநடுக்கம் வாடிக்கையான நாட்டில், யார் இதைச் செய்வார்கள் என்பது வீடு ஆடுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, நேரம் சாதகமாக இருக்கும்போது கையெழுத்து வாங்கியது தவறில்லை. அதோடு விட்டதுதான் குறை. புதிய நகரமன்றத்தின் முதல் கூட்டத்திலேயே அதை ஏற்கச் செய்வதற்கான வேலையைத் தேர்தலுக்கு முன்பே, எல்லாக் கட்சி வேட்பாளர்களிடமும் தொடங்கியிருக்கலாம். வென்றவரின் பெயரும் அந்தத் தாளில் ஏறியிருந்தால், அதைக் கைகழுவுவது அவருக்கு அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

பட்டியல் விஷயத்தில் ஒரே அளவுகோல் வேலைக்கு ஆகாது. வசிப்பவர், சடங்கு உரிமை உள்ளவர், தொழில் அறிந்தவர், இழப்புக்கு ஆளானவர் என நான்கு வகையிலும் குழுவில் இடம் ஒதுக்க வேண்டும். அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். கொள்முதல் சட்டத்தின் தொகை வரம்பும் திருத்தப்பட வேண்டியது. பெரிய பாரம்பரியக் கட்டடங்களுக்குத் தனி விதி இல்லாதவரை, ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் சிறப்பு ஒப்பந்தம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எஞ்சியிருப்பது கூரை. களிமண் படுகையில் ஓடு பதித்த கூரையில் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் புல் முளைக்கும், வேர் ஓடுகளை விலக்கும், நீர் இறங்கும், உத்தரம் இற்றுப்போகும். முன்பு அந்தப் புல்லைப் பிடுங்குவது குட்ஹியின் வேலை, அதற்குக் கூலியாக நிலவருமானம் இருந்தது. இன்று அந்த நிலமும் இல்லை, வேலை செய்ய வேண்டிய குடும்பத்தின் பெயரும் ஏட்டில் இல்லை. கட்டுமானக் குழு கலைவதற்கு முன், கூரை ஏறும் ஆட்களின் பெயர், கூலி, ஆண்டுக்கு எத்தனை முறை என்பதை வார்டு அலுவலகத்தின் வரவுசெலவில் தனித் தலைப்பாகச் சேர்த்தாக வேண்டும். தூண்கள் பீடத்தில் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்ப்பதையும் அதே தலைப்பின் கீழ் எழுதலாம்.